வளரும் முயல் குட்டிகளுக்குக் கடலைப் புண்ணாக்கு இல்லாமல் புரதத் தீவனம் அமைப்பது எப்படி?

மதுரையைச் சுற்றி முயல் வளர்ப்பவர்கள் அடர்தீவனம் கலக்கும்போது, புரதத்துக்கென்று முதலில் நினைப்பது கடலைப் புண்ணாக்கைத்தான். பழக்கமான பொருள், எந்தச் செக்கிலும் கிடைக்கும், முயலும் விரும்பித் தின்னும். ஆயினும் இரண்டு காரணங்களால் அதை மட்டுமே நம்பியிருப்பது தவறு என்று நான் கருதுகிறேன். அதன் விலை நம் கையில் இல்லை என்பது ஒன்று. பூஞ்சை நஞ்சு என்பது மற்றொன்று. இதுவே பெரிய காரணம். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட ஐந்தாவது வாரம் முதல் விற்பனை எடையை எட்டும் பன்னிரண்டாவது வாரம் வரையுள்ள குட்டிகளுக்கு, நம் பகுதியில் கிடைக்கும் பிற தாவரப் பொருள்களைக் கொண்டு புரதத் தேவையை எவ்வாறு நிறைவு செய்வது என்பதையே இக்கட்டுரை விளக்குகிறது. சினை முயலுக்கும் பால் கொடுக்கும் தாய் முயலுக்கும் தேவை வேறு என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

பூஞ்சை நஞ்சைப் பற்றி முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நிலக்கடலையிலும் அதன் புண்ணாக்கிலும் ஈரம் ஏறினால் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை வளர்ந்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கைச் சோதித்துத்தான் இந்த நஞ்சையே முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். பண்ணை விலங்குகளுள் இந்நஞ்சை மிகக் குறைவாகத் தாங்கக்கூடியவற்றில் முயலும் ஒன்று. மாடு தாங்கும் அளவில் முயலின் ஈரல் கெட்டுவிடும். புண்ணாக்கை வேகவைத்தாலோ வெயிலில் மீண்டும் காயவைத்தாலோ பூஞ்சை சாகும், நஞ்சு போகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூட்டையின் அடிப்பக்கம் ஈரம் கண்டிருந்தால், மேற்பகுதி நன்றாக இருக்கிறது என்று அதை முயலுக்கு வைக்கக் கூடாது.

புரதத்தோடு நாரையும் கணக்கில் கொள்ள வேண்டும்

வளரும் குட்டியின் தீவனத்தில் 15 முதல் 17 சதவீதம் புரதமும், குறைந்தது 12 முதல் 14 சதவீதம் நார்ச்சத்தும் இருக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். புரதம் கூடினால் வளர்ச்சியும் கூடும் என்று எண்ணிப் புண்ணாக்கைக் கூட்டிக் கொடுக்கும்போது, சிறுகுடலில் செரிக்காத மிச்சப் புரதம் சீக்கம் எனப்படும் குருட்டுக்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே அம்மோனியா கூடி, தீங்கு செய்யும் நுண்ணுயிர்கள் பெருகி, பால் மறந்த இரண்டு மூன்று வாரங்களில் குட்டிகள் கழிச்சலில் வீழ்கின்றன. நார் குடலை நகர்த்திக்கொண்டே இருப்பதால்தான் இந்தத் தேக்கம் ஏற்படாமல் இருக்கிறது. ஆகவே புரதத்துக்காக ஒரு பொருளை மாற்றும்போது, அதனுடன் எவ்வளவு நார் வருகிறது அல்லது போகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இந்த வகையில் நம் பகுதியில் கிடைக்கும் மாற்றுப் பொருள்கள் பலவும் கடலைப் புண்ணாக்கைவிட முயலுக்கு ஏற்றவை. அவற்றில் நாரும் கூடவே இருக்கிறது.

முயல் தன் சீக்கத்தில் உண்டாகும் மென்மையான கழிவை நேராக வாயால் எடுத்து மீண்டும் உண்ணும். அக்கழிவில் நுண்ணுயிர்ப் புரதம் நிறைந்திருக்கும். இதைக் கேள்விப்பட்டவர்கள், மாட்டைப் போல முயலும் எந்தப் புரதத்தையும் தனக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளும் என்று நினைத்துவிடுவதுண்டு. அது சரியன்று. குட்டி உண்ணும் மொத்தப் புரதத்தில் இந்த வழியில் திரும்பக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். எஞ்சியதன் தரம் நாம் வைக்கும் தீவனத்தைப் பொறுத்தே அமைகிறது. மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் யூரியாவை முயலுக்குச் சேர்க்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

புரதத்தின் தரம் என்பது அதன் கட்டுமானக் கூறுகளான அமினோ அமிலங்களைப் பொறுத்தது. வளரும் முயலுக்கு முதலில் பற்றாக்குறையாவது லைசினும், மெத்தியோனினை உள்ளடக்கிய கந்தக அமினோ அமிலங்களும்தான். பயறு வகைகளில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. எள்ளிலும் சூரியகாந்தியிலும் மெத்தியோனின் மிகுதி, லைசின் குறைவு. கடலைப் புண்ணாக்கில் இரண்டுமே போதிய அளவில் இல்லை. நம் வீடுகளில் இட்லிப் பொடிக்கு உளுந்தையும் எள்ளையும் சேர்த்து வறுத்து அரைக்கிறோம் அல்லவா? முயல் தீவனத்துக்கும் அதே சேர்க்கைதான் வழி. ஒரு புண்ணாக்கை எடுத்துவிட்டு வேறொரு தனிப் பொருளை அந்த இடத்தில் வைக்க முயல்பவர்கள் பெரும்பாலும் ஏமாற்றமே அடைகிறார்கள். பயறின் பக்கத்திலிருந்து ஒன்று, எண்ணெய் வித்தின் பக்கத்திலிருந்து ஒன்று, நாருக்கும் புரதத்துக்குமாக ஒரு தழை என்று மூன்றாகச் சேர்க்கும்போது தீவனம் தானே நிலைபெற்றுவிடுகிறது.

பருப்பு மில்லிலிருந்தும் செக்கிலிருந்தும் கிடைப்பவை

மதுரைக்குத் தெற்கே விருதுநகர் வரை பருப்பு மில்களுக்குக் குறைவில்லை. துவரை, உளுந்து, பாசிப்பயறு ஆகியவற்றை உடைக்கும்போது தோலும், குருணையும், முளைப்பகுதியும், மாவும் சேர்ந்து பொட்டு என்ற பெயரில் மூட்டையாக வெளிவருகின்றன. நம் பகுதி முயல் வளர்ப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வேறில்லை என்பது என் முடிவு. புரதம் 14 முதல் 18 சதவீதம் வரை இருக்கும்; நார் 20 சதவீதத்தைத் தாண்டும்; பயறின் லைசினும் கூடவே வரும். ஆனால் பொட்டு என்ற ஒரே சொல்லுக்குள் பல தரங்கள் அடங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். குருணையும் மாவும் கலந்தது ஒரு தரம். வெறும் தோல் மட்டும் வேறொரு தரம். அதில் புரதம் மிகக் குறைவு. ஒரு பிடி எடுத்து முறத்தில் இட்டுப் புடைத்துப் பார்த்தால், பறந்து போவது எவ்வளவு, தங்குவது எவ்வளவு என்பது தெரிந்துவிடும். தங்குவது பாதிக்கும் குறைவாக இருந்தால் அதைப் புரதத்துக்காக வாங்க வேண்டியதில்லை. கூடவே மண்ணும் கல்லும் இருக்கின்றனவா என்று ஒரு குவளைத் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பாருங்கள். அடியில் மணல் படிந்தால் எடைக்காகச் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

எள்ளுப் புண்ணாக்கில் புரதம் 35 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். பயறுப் பொட்டோடு சேர்ப்பதற்கு இதுவே சரியான துணை. மரச்செக்கில் ஆட்டியதில் எண்ணெய் அதிகம் தங்கியிருக்கும். ஆகவே விரைவில் சிக்கு வாடை அடிக்கும். பதினைந்து நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்கி வைப்பது நல்லது. கலவையில் இதன் அளவு நூற்றுக்கு 8 முதல் 10 கிலோவுக்கு மேல் போக வேண்டாம். இதிலுள்ள ஃபைட்டிக் அமிலமும் ஆக்சாலிக் அமிலமும் கால்சியம், துத்தநாகம் போன்ற தாதுக்களை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதே காரணம்.

சூரியகாந்திப் புண்ணாக்கை நம்மவர்கள் பெரிதாக மதிப்பதில்லை. தோலோடு ஆட்டியதில் நார் மிகுதி என்பதால் கோழிப் பண்ணைக்காரர்கள் அதிகம் சேர்ப்பதில்லை. கோழிக்குக் குறையாக இருக்கும் அந்த நாரே முயலுக்கு நன்மை. தோலோடு கூடியதில் புரதம் 28 சதவீதத்தை ஒட்டியும், நார் 25 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். ஐரோப்பாவில் முயல் தீவனம் செய்பவர்கள் இதை நெடுங்காலமாக வழக்கமாகச் சேர்த்து வருகிறார்கள். கிடைக்கும்போது தயங்காமல் நூற்றுக்கு 10 முதல் 15 கிலோ வரை சேர்க்கலாம்.

தேங்காய்ப் புண்ணாக்கு 20 சதவீதத்தை ஒட்டிய புரதம் உடையது, லைசின் குறைவு, எண்ணெய் மிகுந்ததால் கெட்டுப்போவதும் விரைவு. ருசிக்காக 5 கிலோ சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் காசிப்பால் என்ற நச்சுப் பொருள் உண்டு. மாட்டின் வயிறு அதைக் கட்டுப்படுத்தும், முயலின் வயிறு கட்டுப்படுத்தாது. குட்டிகளுக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள். சோயாப் புண்ணாக்கு தரத்தில் மிக நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆலையில் சூடுபடுத்திப் பக்குவம் செய்ததாக இருக்க வேண்டும். பச்சைச் சோயாவிலும் பச்சைக் கொள்ளிலும் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. கொள்ளு கைவசம் இருந்தால் வறுத்து உடைத்தோ வேகவைத்தோ மட்டுமே கொடுக்க வேண்டும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. புண்ணாக்கு விற்கும் கடைகளில் வேம்பு, ஆமணக்கு, இலுப்பை, புங்கன் ஆகியவற்றின் புண்ணாக்குகளும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கும். இவை நிலத்துக்கு உரம். குறிப்பாக, ஆமணக்குப் புண்ணாக்கிலுள்ள ரிசின் உயிரைப் பறிக்கும் கொடிய நஞ்சு. அள்ளிப்போடும் படியும் சாக்கும் கலந்துவிடாமல் கண் முன்னால் நிறுத்து வாங்குங்கள்.

தழைகள்

தழை என்றவுடன் இன்று எல்லோரும் சொல்வது அசோலா என்னும் நீரில் மிதக்கும் சிறு பெரணியை. நானும் தொடக்கத்தில் புண்ணாக்கை அடியோடு நிறுத்திவிட்டு அசோலாவை மட்டும் நம்பினேன். ஒரு மாதம் கழித்து எடை போட்டபோது குட்டிகள் எதிர்பார்த்த எடைக்கு அருகில்கூட வரவில்லை. பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அசோலாவில் 20 முதல் 25 சதவீதம் புரதம் என்று சொல்லப்படுவது உலர் எடையில். அள்ளிய அசோலாவில் நூற்றுக்கு 93 பங்குக்கு மேல் தண்ணீர். ஆகவே 100 கிராம் பச்சை அசோலாவில் உள்ள புரதம் ஒன்று அல்லது ஒன்றரை கிராம்தான். ஒரு நாளைக்கு 11 முதல் 13 கிராம் வரை புரதம் தேவைப்படும் குட்டிக்கு அது பத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் கொடுத்தால் வயிறு தண்ணீரால் நிறைந்துவிடும். அசோலா கெட்டது என்று நான் சொல்லவில்லை. சாணி வாடை போக மூன்று தண்ணீரில் அலசி, நீரை வடித்து, பத்து முயலுக்கு அரை கிலோ என்ற அளவில் கோடையில் கொடுத்தால் நன்மைதான். புண்ணாக்கின் இடத்தில் அதை வைக்கக் கூடாது என்பதே நான் சொல்ல வருவது.

இதே கணக்கை அகத்திக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் பச்சை அகத்திக் கீரையில் ஏறத்தாழ 8 கிராம் புரதம் இருக்கிறது. அசோலாவைப் போல ஐந்தாறு மடங்கு. முருங்கைக் கீரையில் 6 கிராமுக்கு மேல். இவை இரண்டும் நம் வேலி ஓரத்திலேயே நிற்கும்போது வேறெங்கும் தேட வேண்டியதில்லை. சோழவந்தான் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் வசதி. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலை, அகத்தி மரத்தைப் பற்றித்தான் கொடிக்காலில் ஏறுகிறது. கொடிக்கு வெயிலும் நிழலும் அளவாகக் கிடைப்பதற்காக அகத்தியை அவ்வப்போது கழித்துவிடுவார்கள். அந்தத் தழை கட்டுக் கட்டாக ஆட்டுத் தீவனமாக வெளியே வரும். கொடிக்கால்காரரிடம் முன்கூட்டியே பேசி வைத்தால் முறையாகக் கிடைக்கும். ஆனால் வெற்றிலைக்கு எப்போது, என்ன மருந்து அடித்தார்கள் என்று கேட்காமல் ஒரு கட்டும் வாங்காதீர்கள். மருந்து அடித்த கொடிக்காலின் தழையை அந்த முறை வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். முருங்கையைப் பொறுத்தவரை, பெரியகுளத்தில் உருவாகி 1989-இல் வெளியிடப்பட்ட பி.கே.எம்.1 போன்ற செடிமுருங்கையைக் காய்ப்பு முடிந்தவுடன் கவாத்து செய்யும்போது தழை மிகுதியாகக் கிடைக்கும்; அதுவே உலர்த்தி வைப்பதற்கு ஏற்ற சமயம்.

சொந்த நிலம் உள்ளவர்கள் வேலிமசால் என்னும் பயறு வகைத் தீவனச் செடியைப் பயிரிடுவதே நிலையான வழி. விதையின் தோல் கடினமானது. கொதிக்கவைத்து இறக்கிச் சற்றே ஆறிய நீரில் நான்கைந்து நிமிடம் போட்டு எடுத்து, பிறகு குளிர்ந்த நீரில் இரவு முழுவதும் ஊறவிட்டு, நிழலில் உலர்த்தி விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். முதல் அறுப்பு 90 நாளில். அடுத்தடுத்த அறுப்புகள் 40 நாளுக்கு ஒரு முறை. உலர்த்திய தழையில் புரதம் 18 சதவீதத்துக்குக் குறையாமலும், நார் 20 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்துச் செம்மண் மானாவாரி நிலத்துக்கு முயல் மசால் பொருந்தும். பெயரிலேயே முயலைக் கொண்ட தீவனப் பயிர் அது; வறட்சியைத் தாங்கும்; புரதம் வேலிமசாலைவிடக் குறைவு. மல்பெரி இலையை முயல்கள் மிக விரும்பி உண்ணும், எளிதில் செரிக்கும், நச்சுத்தன்மையும் இல்லை. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் அருகில் இருந்தால் புழு தின்று மிஞ்சிய கழிவை வாங்காமல், கவாத்தில் விழும் சுத்தமான இலையைக் கேட்டுப் பெறுங்கள்.

சவுண்டல் என்று நம் ஊரில் வழங்கும் சூபாபுல் தழையில் புரதம் உயர்வு. கூடவே மைமோசின் என்ற பொருளும் உண்டு. குறிப்பாகக் கொழுந்தில் அதிகம். ஆடு மாடுகளின் இரைப்பையில் அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் குடியேற முடியும். முயலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தொடர்ந்து கொடுத்தால் மயிர் உதிரும், வளர்ச்சி குன்றும். முற்றிய இலையை உலர்த்தி, நூற்றுக்கு 5 கிலோவுக்கு மேற்படாமல் சேர்ப்பதோடு நிறுத்துங்கள். கிளிரிசிடியாவும் அப்படித்தான். லத்தீனில் அப்பெயருக்கே எலிக்கொல்லி என்பது பொருள். அதிலுள்ள கூமரின் என்னும் வாசனைப் பொருள், தழை பூஞ்சை பிடிக்கும்போது இரத்தம் உறைவதைத் தடுக்கும் நஞ்சாக மாறக்கூடும். வேறு தழை இருக்கும்போது குட்டிகளுக்கு இதைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை இல்லை. சீமைக்கருவேல நெற்றைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அதில் சர்க்கரை மிகுதி, புரதம் 12 சதவீதத்தை ஒட்டியே உள்ளது. புரதத்துக்குரிய மாற்றாக அதைக் கருத முடியாது.

தழையை உலர்த்துவது எளிய வேலைதான், ஆனால் பொறுமை வேண்டும். காலையில் பனி உலர்ந்த பிறகு அறுத்து, நிழலில் காற்றோட்டமான தரையில் மெல்லியதாகப் பரப்பி, நாளுக்கு இரண்டு முறை கிளறிவிட வேண்டும். மதுரை வெயிலில் நேராகப் போட்டால் அரை நாளில் காய்ந்துவிடும். ஆனால் நிறம் வெளுத்து, வைட்டமின் ஏ-க்கு மூலமான கரோட்டின் பெரும்பகுதி அழிந்துவிடும். இரண்டு மூன்று நாளில் இலை கையில் நொறுங்கும், நிறம் பச்சையாகவே இருக்கும். அப்போது காம்பைத் தட்டி நீக்கி, இலையை மட்டும் சாக்கில் இட்டு, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். நான்கு கிலோ பச்சைத் தழைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ உலர் தழை கிடைக்கும். நொறுங்காமல் வளையும் தழையைச் சாக்கில் அடைத்தால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். கடலைப் புண்ணாக்கில் எதற்கு அஞ்சினோமோ அது இங்கேயும் வந்து சேரும்.

கலவையும் அதன் கணக்கும்

நூறு கிலோ கலவைக்கு நான் பரிந்துரைப்பது இது: உடைத்த மக்காச்சோளம் 25 கிலோ, கோதுமைத் தவிடு 20 கிலோ, உலர்ந்த வேலிமசால் தழை 20 கிலோ, குருணை கலந்த துவரம் பொட்டு 15 கிலோ, சூரியகாந்திப் புண்ணாக்கு 10 கிலோ, எள்ளுப் புண்ணாக்கு 8 கிலோ, தாது உப்புக் கலவை ஒன்றரை கிலோ, சாதாரண உப்பு அரை கிலோ. கடலைப் புண்ணாக்கு ஒரு கிலோகூட இல்லை.

இதன் புரதத்தை நீங்களே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கணக்கிடும் முறை கைவந்துவிட்டால், ஒரு பொருள் கிடைக்காத மாதத்தில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். மக்காச்சோளத்தில் 9 சதவீதம் புரதம் என்று கொண்டால் 25 கிலோவில் 2.25 கிலோ. தவிட்டில் 15 சதவீதம் வீதம் 3 கிலோ. வேலிமசாலில் 18 சதவீதம் வீதம் 3.6 கிலோ. பொட்டில் 15 சதவீதம் வீதம் 2.25 கிலோ. சூரியகாந்தியில் 28 சதவீதம் வீதம் 2.8 கிலோ. எள்ளில் 38 சதவீதம் வீதம் ஏறக்குறைய 3 கிலோ. மொத்தம் 16.9 கிலோ, அதாவது 17 சதவீதத்தை ஒட்டிய புரதம். நாரையும் இதே வழியில் கூட்டினால் 13 சதவீதத்துக்கு அருகில் வரும். தவிட்டுச் சந்தை என்று ஒரு பகுதிக்கே பெயர் வைத்திருக்கும் ஊரில் தவிட்டுக்குத் தட்டுப்பாடு வராது என்றாலும், கோதுமைத் தவிடு கிடைக்காதபோது எண்ணெய் நீக்கிய அரிசித் தவிட்டை அதே அளவில் வைக்கலாம். மக்காச்சோளத்துக்குப் பதிலாகக் கம்பும் ஆகும்.

இந்தக் கலவையோடு எந்தப் பசுந்தீவனத்தைக் கொடுப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். ஒன்றேகால் கிலோ எடையுள்ள குட்டிக்கு இக்கலவையில் 45 கிராமும், அகத்தி 120 கிராமும் கொடுத்தால் என்ன ஆகும்? கலவையிலிருந்து ஏழரை கிராமும் அகத்தியிலிருந்து பத்து கிராமுமாகப் பதினேழரை கிராம் புரதம் உள்ளே போகிறது. அகத்தியின் நீரைக் கழித்துப் பார்த்தால் தீவனத்தில் புரதம் 21, 22 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. மேலே சொன்ன கழிச்சலுக்கு இதுவே நேர் வழி. ஆகவே 17 சதவீதக் கலவை கொடுப்பவர்கள் பசுந்தீவனமாகப் புல்லைத்தான் கொடுக்க வேண்டும். வேண்டுமானால் ஒரு சிறு பிடி தழை சேர்க்கலாம். மாறாக, புண்ணாக்கே வாங்காமல் தழையை நம்பி வளர்ப்பவர்கள், அதே குட்டிக்கு மக்காச்சோளமும் தவிடும் சம அளவில் கலந்தது 30 கிராம், பச்சை அகத்தி 75 கிராம், உலர்ந்த கொழுக்கட்டைப் புல் 20 கிராம் என்று கொடுத்தால் 11 கிராம் புரதம் கிடைத்து, அளவும் 15 சதவீதத்துக்குச் சற்று மேல் சரியாக நின்றுவிடும். செலவு மிகக் குறைந்த வழி இது. நாள்தோறும் தழை தவறாமல் கிடைக்க வேண்டும் என்பது மட்டுமே இதிலுள்ள சுமை.

கலவையை மாவாக அரைக்காமல் கொரகொரப்பாக உடைத்துக் கொள்ளுங்கள். தூள் முயலின் மூக்கில் ஏறித் தும்மலையும் சுவாச நோயையும் உண்டாக்கும். கொடுப்பதற்குச் சற்று முன்பு, உதிரியாக நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்துப் பிசறி வைத்து, மூன்று நான்கு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். நம் வெப்பத்தில் அதற்குள் புளித்துவிடும். முயல் அந்தியிலும் இரவிலும் அதிகம் உண்ணும் விலங்கு. சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடும்போது பகல் தீவனத்தை அது தொடவே செய்யாது. அன்றாட அளவில் மூன்றில் இரண்டு பங்கை மாலை ஆறு மணிக்கு மேல் வையுங்கள். தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தீவனமும் குறையும்.

விலையை ஒப்பிடும்போது மூட்டையின் விலையைப் பார்க்காமல் ஒரு கிலோ புரதத்தின் விலையைப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 42 சதவீதம் புரதமுள்ள புண்ணாக்கு கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோ புரதத்துக்கு 119 ரூபாய் ஆகிறது. 15 சதவீதம் புரதமுள்ள பொட்டு கிலோ 25 ரூபாய் என்றால் 167 ரூபாய். மலிவாகத் தெரிந்த பொட்டு புரதக் கணக்கில் விலை கூடுதலாக வருகிறது. ஆயினும் பொட்டோடு நாரும் மாவுச்சத்தும் வருவதால், அது மக்காச்சோளத்திலும் தவிட்டிலும் ஒரு பகுதியை மிச்சப்படுத்துகிறது. ஆகவே முழுக் கலவையின் செலவையும் கூட்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

மாற்றும் முறை

எந்தக் கலவையையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. பழையதில் கால் பங்கை எடுத்துப் புதியதைச் சேர்த்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கால் கால் பங்காகக் கூட்டினால் எட்டுப் பத்து நாளில் முழுமையாக மாறிவிடும். தாயிடமிருந்து பிரித்த வாரத்தில் தீவன மாற்றமே வேண்டாம். முடிந்தால் ஒரே ஈற்றுக் குட்டிகளை இரண்டு கூண்டாகப் பிரித்து, ஒன்றுக்குப் பழைய தீவனமும் மற்றொன்றுக்குப் புதியதும் கொடுத்து, வாரந்தோறும் ஒரே நாளில், காலையில் தீவனம் வைப்பதற்கு முன் எடை போட்டுக் குறித்து வையுங்கள். நம் வெப்பத்தில் நாளுக்கு 20 கிராமுக்குக் குறையாமல் எடை ஏறினால் தீவனம் சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம். வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இறைச்சி இனங்கள் நல்ல பராமரிப்பில் பன்னிரண்டு வாரத்தில் இரண்டு கிலோவை எட்டக்கூடியவை. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிலையத்தில் இத்தகைய இனங்களை வளர்க்கிறார்கள். மலைக் குளிரில் கிடைக்கும் வளர்ச்சியைச் சமவெளி வெப்பத்தில் அப்படியே எதிர்பார்க்க வேண்டாம்.

எடையைவிட விரைவாகச் செய்தி சொல்வது கூண்டின் அடித்தளம். புழுக்கை உருண்டையாகவும் உலர்ந்தும் ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். முயல் தானே உண்ண வேண்டிய மென்மையான கழிவு, திராட்சைக் கொத்துப்போல ஒட்டிக்கொண்டு, உண்ணப்படாமல் கூண்டில் கிடந்தால் புரதமோ மாவுச்சத்தோ மிகுந்துவிட்டது, நார் குறைந்துவிட்டது என்று அறியலாம். கொட்டிலுக்குள் நுழைந்தவுடன் கண் எரியும் அளவுக்கு மூத்திர நெடி அடித்தாலும், காற்றோட்டம் சரியாக இருக்குமானால், அதே காரணம்தான். அத்தகைய நாளில் கலவையைப் பாதியாகக் குறைத்து, உலர்ந்த புல்லை இரண்டு நாளுக்குத் தாராளமாகக் கட்டித் தொங்கவிடுங்கள். புழுக்கை தண்ணீராகப் போனால் அந்தக் குட்டியைப் பிரித்து வைத்து, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்; குட்டிகள் ஒரே இரவில் கை நழுவிவிடும். மூத்திரம் வெள்ளையாகச் சுண்ணாம்புபோல இருப்பதைக் கண்டு மட்டும் அஞ்ச வேண்டாம். அகத்தி போன்ற தழைகளில் மிகுந்துள்ள கால்சியத்தை முயல் அந்த வழியாகத்தான் வெளியேற்றுகிறது.